எலும்பு தட்டும் இடம்

மூடு என்றால் கண் மூட வேண்டும். பிறந்த நாளிலிருந்து பெனிட்டாவின் வலது கண் இதில் ஒரு குறையும் வைத்ததில்லை. தூசி விழுந்தால் மூடும், தூக்கம் வந்தால் மூடும், கோயிலில் ஜெபம் நீண்டுபோனால் யாரும் கேட்காமலே மூடும். இன்று மதியத்திலிருந்துதான் அது சொன்ன பேச்சு கேட்கவில்லை. இடது கண் இரண்டு பேர் வேலையையும் சேர்த்துச் செய்கிற மாதிரி இறுக மூடிக்கொண்டபோதும் வலது கண் தன் பாட்டுக்குத் திறந்தே கிடந்து, விட்டத்து விளக்கை, மார்கரெட்டின் மூக்குத்துளையை, கையில் ஊசிக்குழலோடு நின்ற சங்கவியை, எல்லாவற்றையும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பல் சிகிச்சைப் படிப்பின் டியூட்டர் மார்கரெட் பதறவில்லை, அவர் பதறுகிற ஆளும் இல்லை. பெனிட்டாவின் மேலிமையை ஆள்காட்டி விரலால் கீழே இழுத்து மூடி, ஈரப் பஞ்சு வைத்து, காகிதப் பிளாஸ்டரால் குறுக்காக ஒட்டினார். "மரப்பு மருந்தின் வேகம் இறங்கினால் முகம் தானாக வந்துவிடும், பயப்படாதே" என்றார். பயம் முகம் போனதில்கூட இல்லை. அந்த விரலில் இருந்தது. இமையை இன்னொருத்தர் விரல் இழுத்து மூடுகிறதை பெனிட்டா அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், தூத்துக்குடி ஆஸ்பத்திரியில், அம்மாவின் விரல், அப்பாவின் கண். உயிரோடு இருக்கிறவளுக்கு அதைச் செய்யலாமா என்று யாரிடம் கேட்பது? அதுவும் மூடின இமை மூடினபடி இருந்தாலாவது சரி. பஞ்சுக்கு அடியில் அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவது அவளுக்குத் தெரிந்தது. ஏறி முழுசாகத் திறந்து, இப்போது பஞ்சின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இடது கண்ணை மூடினாலும் அந்த வெள்ளை போவதில்லை. தலைக்குள் யாரோ ஒரு ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டுப் போனார்கள்.

படுக்க வைத்திருக்கிற இடமும் நல்ல இடம்தான். கிளினிக்கில் நாற்காலி எல்லாவற்றிலும் ஆள் இருக்கிறது, வெளியே போகலாம் என்றால் கடல் தாண்டின இந்த நாட்டில் வசந்தம் பிறந்துவிட்டது, முட்டையிட்ட மேக்பை பறவைகள் யூகலிப்டஸ் மரத்திலிருந்து இறங்கி வழியில் போகிறவர்களின் கண்ணைக் குறிவைத்துக் கொத்துகிற மாதம். கண்ணை மூட முடியாத ஒருத்தியை அந்தப் பக்கம் அனுப்புவார்களா? ஆகவே பக்கத்திலிருந்த பயிற்சி அறையைத் திறந்து, சுவரோரமாக இருந்த சாய்வு நாற்காலியைக் காட்டிவிட்டு மார்கரெட் போய்விட்டார். பயிற்சி அறையில் பொம்மைத் தலைகள். உடம்பு கிடையாது, கழுத்து வரைக்கும்தான்; கழுத்துக்குக் கீழே இரும்புத் தண்டு. ரப்பர் கன்னம், ரப்பர் உதடு, உள்ளே திருகாணி போட்டு முடுக்கின பிளாஸ்டிக் பல். முதல் வருஷம் முழுக்க இவற்றின் வாயில்தான் பிழைப்பு. பல்லைக் குடைந்து, அடைத்து, மறுபடி குடைந்து, பல் தேய்ந்துபோனால் திருகாணியைக் கழற்றி வேறு பல்லை மாட்டி. ஒவ்வொருத்தருக்கும் ஒரு தலை. பெனிட்டாவின் தலை ஜன்னலோரத் தலை. அதன் வாய்க்குள் விட்ட தண்ணீர் குழாய் வழியாகப் போகாமல் வலது கடைவாயில்தான் ஒழுகும். ரிப்பேர் செய்ய ஆள் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போனான். அவன் போனதும் ஒழுகியது. இப்போது வகுப்பு இல்லை, ஒரு தலைக்கும் வேலை இல்லை, எல்லாவற்றையும் நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள், வாயைத் திறந்தபடி, அவளைப் பார்த்தபடி. பார்த்தபடி என்பதும் சரியில்லை. செய்தவன் அவற்றுக்குக் கண் வைக்கவில்லை, மூடின இமையை மட்டும் அச்சில் வார்த்துவிட்டான். திறக்க முடியாத கண்கள் இத்தனை. நடுவில் மூட முடியாத கண் ஒன்று. ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது எது பக்கம், எது தூரம் என்று பிடிபடவில்லை. முன்வரிசைத் தலைகள் எட்டித் தொடுகிற தூரத்துக்கு வந்த மாதிரி இருந்தது. வராது, பெனிட்டா, தண்டு தரையில் முடுக்கியிருக்கிறது, அது எப்படி வரும்?

வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டது தெரிந்தது, அதுதான் பிரச்சினையே. விரலின் குளிர்ச்சி தெரிகிறது, நகம் பட்டால் நகம் தெரிகிறது, உதட்டைக் கிள்ளினால் வலிக்கிறது. உணர்ச்சி எல்லாம் பத்திரமாக இருக்கிறது, அசைவு மட்டும் இல்லை. ஊசி சரியாக இறங்கியிருந்தால் நேர் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? உதடும் நாக்கும் மரத்துப்போய், முகம் மட்டும் வழக்கம்போல் சிரிக்கவும் முறைக்கவும் வேண்டும். கீழ்த்தாடை ஊசிக்குப் படித்ததெல்லாம் வரிசையாக ஓடியது. வாய்க்குள், தாடை முடிகிற மூலையில், சதையின் மடிப்புக்குப் பக்கத்தில் ஊசியை நுழைக்க வேண்டும். மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். முக்கால் ஊசி போவதற்குள் எலும்பு தட்டும். தட்டினால்தான் சரியான இடம். தட்டின பிறகுதான் மருந்தைத் தள்ள வேண்டும். தட்டாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் ஊசி தாடையைத் தாண்டி, பின்னாலிருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போய்விடும். முகத்தை ஆட்டுவிக்கிற நரம்பு அதற்குள்தான் ஓடுகிறது. மார்கரெட் இதைச் சொன்ன அன்று கரும்பலகை இல்லாத அந்த வகுப்பில் தன் கையாலேயே தன் முகத்தில் பாதியைக் கீழே இழுத்துக் காட்டினார், எல்லோரும் சிரித்தார்கள், பெனிட்டாவும் சிரித்தாள். பாதி முகம் என்றால் என்னவென்று அந்த வகுப்பில் அவளுக்கு மட்டும்தான் தெரியும், அதனால் கொஞ்சம் பலமாகவே சிரித்தாள்.

ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். முதல் ஊசி நோயாளிக்கு இல்லை, கூடப் படிக்கிறவருக்கு. நீ எனக்கு, நான் உனக்கு. சங்கவிதான் ஜோடி என்று தெரிந்ததும் பெனிட்டாவுக்கு நிம்மதியாக இருந்தது. வந்த புதிதில் பாலை எங்கே வாங்குவது, பஸ்ஸை எப்படி நிறுத்துவது என்று தொடங்கி எல்லாம் சொல்லித் தந்தவள். வவுனியாவிலிருந்து சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டவள். வாரம் ஒரு தடவை அவள் அம்மா கட்டித் தருகிற புட்டில் பாதி பெனிட்டாவுக்கு. "நொந்தால் இடக்கையைத் தூக்கு, சரியோ? நான் உடன நிப்பாட்டிப்போடுவன்" என்றாள். அதையும் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்லாமல் ஊசியைத் தொட்டாலே மதிப்பெண் போய்விடும்: வாய் திறந்திருக்கிற ஆளால் பேச முடியாது, ஆகவே தொடங்குவதற்கு முன்பே ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சரி என்று பெனிட்டா தலையாட்டினாள். ஊசி நுழைந்தது. கொசுக்கடி மாதிரிகூட இல்லை. உள்ளே போயிற்று. "பார், எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகுது" என்று சங்கவி முகமூடிக்குள்ளிருந்து தன் கைக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து நாற்காலியில் தடால் என்று ஒரு சத்தம். ஆறடி ஜோஷ், காலையிலிருந்து எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்த ஜோஷ், ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்துவிட்டான். மார்கரெட் அந்தப் பக்கம் திரும்பினார். ஊசி போய்க்கொண்டே இருந்தது. இப்போது தட்டும். இப்போது. ஊசியின் அடிப்பகுதி கடைவாய் உதட்டில் பட்டது, அவ்வளவு ஆழம். தட்டவில்லை. தன் தாடைதானே, தனக்குத் தெரியாதா? எலும்பு தட்டவில்லை என்று பெனிட்டாவுக்குத் தெரிந்தது, மருந்து உள்ளே பரவுவதற்கு முன்பே தெரிந்தது. இடது கை மடியில் கிடந்தது. நொந்தால் தூக்கு என்றுதானே சொன்னாள். நோகவில்லை. நோகாததற்குக் கை தூக்குவதா? சுகமாக இருந்தது, அவ்வளவு சுகமாக ஊசி இறங்கக்கூடாது என்று படித்திருக்கிறாள், இருந்தாலும் சங்கவியின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, பாவம், நன்றாகத்தானே போடுகிறாள், நடுவில் நிறுத்தினால் கை நடுங்கிவிடும். இப்படியெல்லாம் நினைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்துக்குள் மருந்து முழுக்க உள்ளே போய்விட்டது.

ஜன்னலோரத் தலை சொட்டியது. குழாய் மூடித்தான் இருக்கிறது. சொட்டு.

தன் வாயையும் துடைத்துக்கொண்டாள். கைக்குட்டை ஏற்கெனவே நனைந்திருந்தது. பஞ்சு வைப்பதற்கு முன்னால் கண்ணாடியில் பார்த்தபோது அவ்வளவாகப் பயமில்லை, யாரோ தூக்கம் கலையாத ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மார்கரெட் பதிவுக்காகப் போட்டோ எடுத்தார். நேரே பார், சிரி, புருவத்தைத் தூக்கு, பல்லைக் காட்டு. எடுத்ததைக் காட்டினார். கண்ணாடியில் வலது வலதாகத்தான் தெரியும், போட்டோவில் எதிராளி பார்க்கிற பக்கம் தெரியும், இதைப் படித்து வேறு இருக்கிறாள்; ஆனாலும் அந்தச் சின்னத் திரையில் அப்பா இருந்தார். பெண்பிள்ளை மாதிரி தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, காதில் சின்னக் கம்மல் போட்டுக்கொண்டு, அப்பா. வலது கடைவாய் கீழே வழிந்து, கன்னத்துக் கோடு காணாமல் போய், இடது பக்கம் மட்டும் சிரிக்கிற அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். ஒருநாள் காலை வெறுந்தேநீர் குடிக்க உட்கார்ந்தவர், டம்ளர் சாய்ந்தது, வாய் சாய்ந்தது, அதன் பிறகு ஒரு சொல் வரவில்லை. சோறு ஊட்டும்போது எல்லோரும் இடது பக்கம் உட்காருவார்கள், இடது பக்கத்தில்தான் அப்பா இருந்தார். வலது பக்கம் வேறே ஒருத்தர். அந்த ஆளுக்குப் பேரில்லை, பேச்சில்லை, கோபமில்லை, பாசமில்லை; திறந்த ஒற்றைக் கண்ணால் வீட்டை வேவு பார்த்துக்கொண்டு அப்பாவின் தோளில் குடியிருந்தார். பெனிட்டா அந்தப் பக்கமாகப் போகவே மாட்டாள், தண்ணீர் எடுக்கப் போனாலும் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போவாள். அப்பாவை அடக்கம் செய்த அன்று அந்த ஆளும் கூடவே போய்விட்டார் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கேயும் போகவில்லை போலிருக்கிறது. கடல் தாண்டி வந்து, இவள் எப்போது வலது பக்கம் காலியாக விடுவாள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார். சீ, என்ன பைத்தியக்கார நினைப்பு. அது மூளை, இது மருந்து. அதற்கு ரத்தக்குழாய், இதற்கு ஊசி. தேர்வில் இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டால் கடகடவென்று எழுதுவாள்: மூளையில் அடைப்பு என்றால் நெற்றி சுருங்கும், நரம்பில் கோளாறு என்றால் நெற்றியும் சுருங்காது. நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாள், விரலை வைத்துப் பார்த்தாள். இடது பக்கம் சுருங்கியது. வலது பக்கம் வழவழவென்று, ரப்பர் மாதிரி.

போன் அதிர்ந்தது. அம்மா, அதுவும் வீடியோ. பெனிட்டா அதை நிறுத்திவிட்டுச் சாதாரணமாகக் கூப்பிட்டாள், கூப்பிட்ட பிறகுதான் பேசவும் வேண்டுமே என்று நினைவு வந்தது. அங்கே அம்மா மீன்காரியிடம் பேரம் முடித்துவிட்டுக் காலைக் காப்பியோடு உட்கார்கிற நேரம்.

"ஏட்டி, என்ன, வீடியோவ கட் பண்ணிட்ட?"

"வகுப்புல இருக்கேன்மா." வகுப்பு என்பதன் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் வழிந்தன. உதடு ஒட்டினால்தானே 'ம்' வரும், 'ப்' வரும்? ஒரு பக்கம் ஒட்ட, மறுபக்கம் காற்று புஸ்ஸென்று போயிற்று. தன் பெயரைக்கூட இப்போது சொல்ல முடியாது என்று அவளுக்கு உறைத்தது.

"வாயில என்னத்த வச்சிட்டுப் பேசுத?"

"சாப்டுதேன்."

"வகுப்புலயா சாப்புடுத? உங்க காலேசு நல்லா இருக்கே. இங்க பாரு, நம்ம ரோஸ்லின் சித்திக்குக் கடவாப் பல்லு ஆடுதாம், ஒன்கிட்ட கேக்கச் சொல்லுதா. எம்மவ பல் டாக்டருக்குப் படிக்கானு சொன்னேன்."

டாக்டர் இல்லை, அது வேறு, நான் பல்லைச் சுத்தம் செய்வேன், குழந்தைகளுக்குச் சொத்தை அடைப்பேன், பால்பல் பிடுங்குவேன் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. 'அதெல்லாம் டாக்டர் செய்யிற வேலதானட்டி' என்று அம்மாவும் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. இன்று பெனிட்டா ஒன்றும் மறுக்கவில்லை. "ம்மா" என்றாள். அது அவள் காதுக்கே கேட்டது, அடித்தொண்டையிலிருந்து, ஈரமாக. அந்தப் பக்கம் அம்மா காப்பி உறிஞ்சுகிற சத்தம் நின்றுபோயிற்று.

"பெனிட்டா?"

அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீதானட்டி பேசுத?" அம்மாவின் குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. "உங்கப்பா கூப்பிட்ட மாதி இருந்திச்சு. அவிய கடசீல அப்பிடித்தான்... கையத் தூக்கிட்டு, அந்தச் சத்தத்தோட. நா ஊட்டும்போதெல்லாம் கையத் தூக்குவாவ. போதும்னு தூக்குதாவளா, இன்னும் வையின்னு தூக்குதாவளா, இன்னைக்கி வரைக்கும் எனக்குத் தெரியல மக்ளே."

"சாப்டுதேன்மா. அப்றம் பேசுதேன்."

வைத்துவிட்டாள். அறையில் இத்தனை வாய்கள் திறந்திருந்தும் ஒரு சத்தமில்லை. அப்பாவின் இடது கை. அது கட்டில் விளிம்பிலிருந்து எழும்பும், விரல் விரிந்து, உள்ளங்கை வெளியே தெரிய. அம்மா ஒரு கவளம் கூட வைப்பாள். மறுநாள் நிறுத்திப் பார்ப்பாள். ரெண்டுக்கும் அப்பா கண்ணில் தண்ணீர் வரும், ஆனால் அது வலது கண்ணாக இருக்கும், அந்தக் கண்ணில் எப்போதுமே தண்ணீர்தான். கை எழும்பினால் சொந்தக்காரர்கள் 'ஆசீர்வாதம் பண்ணுதாரு' என்பார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை டாட்டா காட்டும். இங்கே வந்த முதல் மாதத்தில், நோயாளியிடம் சைகையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்று மார்கரெட் சொன்னபோது பெனிட்டா எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு சின்ன விஷயம். வாய் போவதற்கு ஒருநாள் முன்னால் யாராவது அப்பாவிடம் பேசி வைத்திருக்கலாம்.

கதவு திறந்தது. சங்கவி. கையில் காகிதக் குவளையில் மைலோ பானம், அதில் ஒரு உறிஞ்சுகுழாய். குழாயைப் பெனிட்டாவின் இடது பக்க உதட்டில் வைத்தாள், இடது பக்கம் என்று அவளாகவே பார்த்து வைத்தாள். பிறகு திரும்பித் தலைகளைப் பார்த்தாள்.

"இந்த அறைக்குள்ள ஏன் விட்டவை உன்னை? எனக்கெண்டால் விசர் பிடிச்சிருக்கும்" என்றாள் சங்கவி. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "மார்கரெட் கேட்டவ. எலும்பு தட்டினதோ எண்டு. நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்" என்றாள்.

பெனிட்டா உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"போன முறையும் இந்தச் சோதனையிலதான் கோட்டை விட்டனான், உனக்குத் தெரியும்தானே. திரும்ப விட்டால் என்னை வெளியில அனுப்பிப்போடுவினம். மூண்டு வருசம் படிச்சது எல்லாம் சும்மா. அப்பா ஆரிட்டயும் முகம் குடுக்க ஏலாது." அவள் குரல் உடைந்தது. "திங்கள் பள்ளிப் பிள்ளைகள் வருகினம். எனக்கு ஒரு சின்னப் பிள்ளையைத் தந்திருக்கினம், ஏழு வயசு. அதுக்கு நல்லாப் போடுவன், சத்தியமா. இண்டைக்கு ஏதோ... வழுக்கிக்கொண்டு போச்சுது. உன்னட்டக் கேட்டால் நீயும் தட்டினது எண்டு சொல்லன். உனக்கு முகம் எப்பிடியும் வந்திடும்தானே?"

வந்துவிடும்தானே. பெனிட்டா தலையை ஆட்டினாளா, ஆட்டவில்லையா, அவளுக்கே தெரியவில்லை. சங்கவி அதை ஆட்டியதாக எடுத்துக்கொண்டு அவள் தோளை அழுத்திவிட்டுப் போனாள். மைலோ இடது பக்கமாகப் போய் வலது பக்கமாக வழிந்தது.

சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? சொன்னால் சங்கவி போய்விடுவாள், புட்டு போய்விடும், இந்த ஊரில் தமிழில் திட்டிக்கொள்ள ஒரே ஒருத்தி, அவளும் போய்விடுவாள். சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. முகம் வந்துவிடும். திங்கட்கிழமை ஒரு குழந்தை பெரிய நாற்காலியில் ஏறி, கால் தரைக்கு எட்டாமல் படுத்து வாயைத் திறக்கும். நொந்தால் கையைத் தூக்கு, சரியோ? சரி என்று அதுவும் தலையாட்டும், நல்ல குழந்தை. ஊசி வழுக்கிக்கொண்டு போகும், நோகாது, கை தூக்க அதற்கு ஒரு காரணமும் இருக்காது. குழந்தைக்கு எப்படித் தெரியும், தட்ட வேண்டிய இடத்தில் தட்டவில்லையென்று? எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தும். அந்தக் குழந்தை வீட்டுக்குப் போய்ச் சிரித்தால் அதன் வலது பக்கத்திலிருந்து அந்த ஆள் பார்ப்பார். அவ்வளவு சின்ன முகத்தில் எப்படி இருப்பார்? சிரமப்பட்டாவது இருந்துகொள்வார். சீ. மருந்து, பெனிட்டா, வெறும் மருந்து. ஆனால் நன்றாகவே போடுவாளோ என்னவோ, சத்தியம் செய்தாளே. யார்தான் முதலிலேயே சரியாகப் போட்டார்கள்? எல்லோருக்கும் முதல் தடவை இப்படித்தான், பொம்மைத் தலையில் எத்தனை பல்லை நானே நாசமாக்கியிருக்கிறேன். பொம்மை ஒன்றும் சொன்னதில்லை. அது வாயைத் திறந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், ஒழுகும், அவ்வளவுதான்.

அப்போது வலது கன்னம் துடித்தது. பெனிட்டா அசைக்கவில்லை. கடைவாயிலிருந்து காது வரைக்கும் ஒரு நூலைப் பிடித்து யாரோ இழுத்துப் பார்த்துவிட்டு விட்ட மாதிரி, ஒரே ஒரு துடிப்பு. நல்ல அறிகுறி, மருந்து இறங்குகிறது, புத்தகத்தில் இருக்கிறது. போனின் கருந்திரையில் முகத்தைப் பார்த்தாள். வலது உதடு மெதுவாக மேலே போயிற்று, நின்றது, இறங்கியது. சிரிப்பு. இவள் சிரிக்கவில்லை. சிரிக்க இப்போது என்ன இருக்கிறது? மறுபடியும் சிரித்தது. பஞ்சுக்கு அடியில் அந்த வெள்ளை அப்படியே எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலோரத் தலை சொட்டியது, அதன் திறந்த வாயும் இவள் வாயும் ஒரே பக்கமாக நனைந்திருந்தன. ஊசி ஏறும்போது நானும் இதுவாகத்தானே இருந்தேன் என்று நினைத்தாள். கையில்லாத கழுத்து. இருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்து வரைக்கும்தான் நான் என்பதுபோல் கிடந்தேன். பயம் என்பது இதுதான் என்று அப்போது தெரிந்தது. அந்த ஆள் வந்து உட்கார இடம் கொடுத்தது ஊசி இல்லை, தூக்காத கை.

காலடிச் சத்தம். மார்கரெட் உள்ளே வந்தார், பின்னால் சங்கவி. மார்கரெட் குனிந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், சிரிக்கச் சொன்னார், "பார், வந்துகொண்டிருக்கிறது" என்றார். அவருக்கும் களைப்பு, ஜோஷ் வேறு இரண்டாவது தடவை விழுந்திருந்தான். "சங்கவி எலும்பைத் தொட்டிருக்கிறாள். அப்படியானால் உனக்கு அந்தச் சுரப்பி கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கிறது, சிலருக்கு அப்படி இருக்கும், யார் தப்பும் இல்லை. திங்கட்கிழமை வழக்கம்போல் எல்லோருக்கும் கிளினிக். நீ ஏதாவது சொல்ல வேண்டுமா?"

பெனிட்டா வாயைத் திறந்தாள். வலது உதடு வந்த அளவு வரும் என்று நம்பித்தான் திறந்தாள். முதல் சொல்லே உதடு ஒட்ட வேண்டிய சொல்லாகப் போயிற்று. வந்தது காற்றும் எச்சிலும், அடித்தொண்டையிலிருந்து அந்தச் சத்தமும். மார்கரெட்டின் முகத்தில் இரக்கம் வந்தது. "சரி சரி, பேச வேண்டாம், ஓய்வெடு" என்றார். அப்பாவிடமும் எல்லோரும் இதே குரலில்தான் சொல்வார்கள். பெனிட்டா சங்கவியைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து இடது கையை எடுத்தாள். தூக்கினாள், விரல் விரிந்து, உள்ளங்கை வெளியே தெரிய. மார்கரெட் அதைப் பார்த்துப் புன்னகைத்தார், தன் கையையும் தூக்கி ஆட்டினார், "பிறகு பார்ப்போம்" என்று திரும்பிக் கதவை நோக்கி நடந்தார். பெனிட்டா கையை இறக்கவில்லை. தோள் வலித்தது. மார்கரெட் கதவைத் திறந்தார், வெளியே எங்கோ மேக்பை கத்தியது, அவர் ஒரு காலை வெளியே வைத்துவிட்டார், கை அங்கேயே நின்றது. யாரும் பார்க்காவிட்டாலும் நிற்கட்டும். எத்தனை நேரமானாலும் நிற்கட்டும்.

மார்கரெட்டின் பின்னால் நடந்துகொண்டிருந்த சங்கவி வாசலில் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் நின்றுவிட்டாள். உலகத்தில் அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளே சொல்லிக் கொடுத்தது. கண் சிமிட்டினாள், வேறெங்கோ பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள்.

"இறக்கு, பெனி" என்றாள் மெல்ல. "நிப்பாட்டிட்டன்."

கை இறங்கவில்லை.

"தட்டேல்லை" என்றாள் சங்கவி. "எனக்கு அப்பவே தெரியும். ஒண்டும் தட்டேல்லை." பிறகு வெளியே போன மார்கரெட்டை ஆங்கிலத்தில் கூப்பிட்டு அதையே சொன்னாள், அழுதுகொண்டே, இரண்டு தடவை சொன்னாள். மார்கரெட் அவளை உடனே ஒன்றும் திட்டவில்லை. தோளைப் பிடித்து நடைபாதைக்கு அழைத்துப்போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சங்கவியின் அழுகை கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் தூரப் போயிற்று. திங்கட்கிழமை அவள் வரமாட்டாள். அடுத்த வருஷம் வருவாளோ என்னவோ, வந்தாலும் பெனிட்டாவோடு பேசுவாளோ என்னவோ. பெனிட்டாவுக்கு அழுகை வந்தது, இடது கண்ணில் மட்டும்.

கையை இறக்க வேண்டும் என்று நினைத்தாள். இறக்கவில்லை. போதும் என்றும் இல்லை, இன்னும் என்றும் இல்லை, நில்லுங்கள், என்னைக் கேளுங்கள் என்றுதான் அப்பாவின் அந்தக் கை நின்றிருக்கும் என்று இப்போது தோன்றியது, சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு அதைச் சொல்ல வேண்டும், உதடு ஒட்டினதும் முதல் வேலையாகச் சொல்ல வேண்டும். தலைகள் வாயைத் திறந்தபடி நின்றன. ஜன்னலோரத்தில் சொட்டு. பஞ்சுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. ஈரமான இமை பஞ்சில் உரசிக்கொண்டு கீழே வந்தது. மூடு என்று அவள் சொல்லவில்லை. அது தானாக வந்து மூடியது, வெள்ளை அணைந்தது. அவள் கையைத் தூக்கினபடியே, அது மறுபடி திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.